வீட்டின் வாலில் ஒரு தேரை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அமெரிக்காவில் ஒரு தேரை என் வாயால் கெட இருந்தது. அந்தத் தேரையோடு கூட இரண்டு வயோதிகர்களும், எங்களுக்குப் பின்னால் கார் ஓட்டி வந்த முன்பின் அறியாத பேர்வழிகளும், வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்பி வரும் அடியேனும் கெட்டுப் போயிருக்க வேண்டியது. ஓர் அம்மாள் குனிந்து பார்த்தாள், பிழைத்தோம்.

தேரையா, எந்தத் தேரை என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். தேரையின் கதைக்கு முன்னால் வீட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் மோட்டார் வீடு என்று ஒன்று உண்டு. நம் ஊர் டவுன் பஸ் அளவு நீளம். ஆனால் உள்ளே கண்டக்டர் இல்லை; கூட்டம் இல்லை; காலை மிதிப்பவர் இல்லை. அதற்குப் பதில் ஒரு சமையலறை, குளிர்சாதனப் பெட்டி, ஸோபா, ஸ்நான அறை, கடைசியில் கட்டில் மெத்தையோடு படுக்கையறை. முன்னால் டிரைவர் ஆசனம். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், வீடு புறப்பட்டு விடும்! அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் ஸிடி என்ற சிற்றூரில் வின்னிபேகோ கம்பெனி 1966ல் இவற்றைத் தயாரிக்க ஆரம்பித்தது. இன்று அந்த நாட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு இதன் மேல் அலாதி மோகம். பனிக் காலத்தில் அரிஸோனா போன்ற உஷ்ணப் பிரதேசத்துக்கு வந்து தங்குவார்கள். வெயில் ஏறினால் வடக்கே கிளம்பி விடுவார்கள். இவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்று பெயர்.

எல்லாம் சரி, ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கு வெளியே மரத்தடியில் வீட்டை நிறுத்தி, தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி எல்லாவற்றையும் இணைத்து, காபிக்கு அடுப்பை மூட்டிய பிறகு, பால் இல்லை என்று தெரிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பாட்டில் பாலுக்காக வீட்டையே கடைத்தெருவுக்கு ஓட்டிப் போவதா? போனாலும் நிறுத்த இடம் ஏது? ஆகையால், வீட்டின் வாலில் ஒரு சின்னக் காரையும் கட்டி இழுத்துக் கொண்டு போகிறார்கள். சிலர் காரை ஒரு மேடை வண்டியில் ஏற்றி இழுப்பார்கள். சிலர் முன் சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்து இழுப்பார்கள். பலர் செய்வது, நான்கு சக்கரமும் தரையில் உருள, இரும்புக் கம்பியால் பிணைத்து அப்படியே இழுத்துப் போவதுதான்.

இழுக்கப்படுவது என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையும், தேரைக்கான இங்கிலீஷ் வார்த்தையும் காதுக்கு ஒன்று போலவே 'டோட்' என்று ஒலிக்கும். அதனால் அந்தக் காருக்கே தேரை என்று பெயர் வைத்து விட்டார்கள். நம் ஊரில் தேரை கல்லுக்குள் இருக்கிறது என்போம். அங்கே வீட்டுக்குப் பின்னால் வருகிறது!

* * *

பீனிக்ஸ் நகரத்தில் இருக்கும் என் கல்லூரிச் சிநேகிதி வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அவருக்கு 71 பிராயம். அந்த அம்மாளுக்கு 69. அவர் நாற்பது வருஷ காலம் ஆகாய விமானங்களைப் பழுது பார்த்தவர். ஏப்ரல் மாதம், வெயில் ஏற ஆரம்பித்து விட்டது. மறுநாள் காலையில் மோட்டார் வீட்டில் வடக்கே கிளம்புவதாகச் சொன்னார்கள். நான் கிராண்ட் கான்யன் பார்க்கப் போக வேண்டியவள். "பிளாக்ஸ்டாப் வரையில் எங்களோடு வாயேன், பெண்ணே! வீட்டில் உட்கார்ந்தபடியே வரலாம்" என்றாள் அம்மாள். கரும்பு தின்னக் கூலியா? பெட்டியைத் தூக்கிக் கொண்டு கிளம்பி விட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பெரியவர் தேரையைக் கட்டும் வேலையை ஆரம்பித்தார். தேரை, ஒரு ஜீப். ஏறத்தாழ 2 டன் எடை. மோட்டார் வீட்டின் பின்புறத்திலிருந்து இழுவைக் கம்பி நீண்டு, இரண்டு கைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கையும் ஜீப்பின் முன் பக்கத்தில் ஓர் இரும்புக் காதில் போய்ப் பொருந்துகிறது. அந்தக் காதின் வழியாகக் கட்டை விரல் பருமனுள்ள ஓர் உருக்கு ஆணியைச் செருகுகிறார்கள். அந்த ஆணி நழுவாமல் இருக்க, அதன் முனையில் உள்ள துவாரத்தில் வளையம் வைத்த இன்னொரு சின்ன ஆணியை மாட்டுகிறார்கள். அவ்வளவுதான். 2 டன் ஜீப் மலை ஏறி இறங்குவது இந்தச் சின்ன ஆணியை நம்பித்தான்.

நம்முடைய தொழில்தான் தெரியுமே! நோட்டுப் புத்தகமும் பென்ஸிலுமாக அவர் பக்கத்தில் போய் நின்றேன். இடது பக்கத்தை முடித்து விட்டார். வலது பக்கத்தில் பெரிய ஆணியைச் செருகி விட்டு, சின்ன ஆணியைக் கையில் எடுத்தார்.

"உங்கள் கையில் இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டேன்.

மனிதர் மகா மரியாதைக்காரர். நிமிர்ந்து நின்று, அதை எனக்குக் காட்டி, பெயரைச் சொல்லி, எழுத்துக் கூட்டியும் சொன்னார். நான் எழுதிக் கொண்டேன். "எங்கள் நாட்டிலும் இது உண்டு. மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று விழாமல் இருக்க, அச்சின் முனையில் செருகுவோம். கடையாணி என்று பெயர்" என்றேன். அவருக்கு ஒரே குஷி. "கடையாணி, கடையாணி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லிக் கொண்டே கீழே கிடந்த விளக்குக் கம்பியை எடுத்தார். எனக்கும் சந்தோஷம். அமெரிக்காவுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தேன் அல்லவா?

வழக்கமாக, அவர் முடித்த பிறகு அம்மாள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாளாம். அன்றைக்கு விருந்தாளி வந்திருக்கிறாளே என்று அடுப்படியில் எனக்காக முட்டையில்லாத பலகாரம் ஏதோ பண்ணிக் கொண்டிருந்தாள். ஆக, கட்டுகிறவரின் கவனத்தை என் வாய் கெடுத்தது. பார்க்கிறவளின் கவனத்தை என் வயிறு கெடுத்தது.

* * *

பீனிக்ஸ் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 அடி. பிளாக்ஸ்டாப் சுமார் 7,000 அடி. நடுவில் சுமார் 145 மைல். சாலை ஒரே ஏற்றமாகப் போகவில்லை. பிளாக் கான்யன் ஸிடியைத் தாண்டியதும் மலை மேல் ஏறுகிறது. பிறகு காம்ப் வெர்டே பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அப்புறம் மறுபடியும் ஏறுகிறது. வழியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் கள்ளிச் செடிகள், கையைத் தூக்கிக் கொண்டு நிற்கும் மனிதர்களைப் போல. நான் ஸோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து கொண்டு, காபியைக் குடித்தபடி மலையை ரசித்துக் கொண்டு வந்தேன். பின்னால் ஜீப் வருகிறது என்ற நினைவே இல்லை.

எனக்கு இல்லாதது கிடக்கட்டும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது என்பதுதான் விஷயம். மோட்டார் வீடு 10 டன். அதன் வாலில் 2 டன் ஒழுங்காக வந்தாலும் ஒன்றுதான், ஒரு டயர் வெடித்துக் கந்தலாகி வந்தாலும் ஒன்றுதான். ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு கூடத் தெரியாமல் போகும். பின் பக்கத்தைக் காட்டுவதற்கு டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. ஆனால் ஜீப்பின் மூக்கு அதில் தெரியுமே தவிர, கடையாணி தெரியாது.

மலை ஏற்றம் முடிந்த இடத்தில் சாலை ஓரமாக ஒரு தங்குமிடம். பெரியவர் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கிக் காட்சியைப் பார்க்கப் போனேன். அம்மாள் காட்சியைப் பார்க்கப் போகவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் போனாள். சிறிது நேரத்துக்கெல்லாம் அவள் குரல் கேட்டது. உரக்கக் கூடக் கூப்பிடவில்லை.

"கண்ணே, இங்கே கொஞ்சம் வாருங்கள்."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னையும் ஓட வைத்தது.

இடது பக்கத்தில் ஆணியும் அதன் கடையாணியும் ஒழுங்காக இருந்தன. வலது பக்கத்தில் கடையாணியைக் காணோம். பெரிய ஆணி பாதிக்கு மேல் வெளியே வந்து விட்டது. சாலையின் அதிர்ச்சியில், மைலுக்கு மைல், துளித் துளியாக நகர்ந்திருக்கிறது. இன்னும் ஓர் அரை அங்குலந்தான் காதில் பிடித்துக் கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்ததோ, பள்ளத்தாக்கு இறக்கம்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மெதுவாகத் தம் சட்டைப் பையில் கையை விட்டார். கை வெளியே வந்தபோது, விரல்களுக்கு நடுவில் அந்தக் கடையாணி இருந்தது! என்னிடம் பேசிக் கொண்டே பையில் போட்டு விட்டார். ஏற்றம் முழுவதும் அவருடைய நெஞ்சுக்கு மேலேயே அது பிரயாணம் செய்திருக்கிறது.

அவர் கை நடுங்கிற்று. எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. "என்னால்தான், நான்தான் பேச்சுக் கொடுத்தேன்" என்றேன்.

"இல்லை, குழந்தை! பேச்சு உன்னுடையது. ஆணி என் கையில் இருந்தது" என்றார் அவர்.

* * *

ஆணி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கை விட்டு விட்டால், ஜீப் மற்றொரு கையில் கோணலாகத் தொங்கும். 2 டன்னையும் ஒரு பக்கத்து ஆணியே தாங்க வேண்டும், பக்கவாட்டில் திருகும். அதுவும் முறிந்தால், பிறகு மிச்சம் இருப்பவை இரண்டு பாதுகாப்புக் கம்பிகள். அவற்றைக் குறுக்காக, ஒன்றன் மேல் ஒன்று பெருக்கல் குறி போலக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. கை முறிந்தாலும் கார் இஷ்டப்படி விலகாமல், வண்டியின் பின்னாலேயே வரவேண்டும் என்பதற்காக. அந்தக் கம்பிகளும் அறுந்தால், ஆள் இல்லாத 2 டன் இரும்பு, மலைச் சாலையில் தன் மனம்போல ஓடும். பின்னால் வருகிற காரில் யார் இருக்கிறார்களோ, எத்தனை குழந்தைகளோ!

பெரியவர் ஜீப்பைச் சற்றே அசைத்துக் கம்பியின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஆணியை உள்ளே தள்ளினார். கடையாணியை மாட்டினார். கிளம்பப் போகிறோம் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. இடது பக்கத்துக்குப் போய், சரியாக இருந்ததைக் கூடத் தொட்டுப் பார்த்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். அம்மாள் அவர் பின்னாலேயே. இருவர் வாயிலும் பேச்சு இல்லை. நான் வாயைப் பொத்திக் கொண்டு தூரத்தில் நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று.

வண்டி இறக்கத்தில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கெங்கே என்னென்ன கெடும் என்று அவள் சொன்னதைக் கேட்டபோது, பத்து வருஷம் மெக்கானிக் ஷாப்பில் இருந்தவளோ என்று தோன்றிற்று.

"இழுவைக் கம்பியின் இரண்டு கைகளும் நீண்டு சுருங்கக் கூடியவை. கட்டின பிறகு வண்டியை மெதுவாக நகர்த்தினால், கைகள் முழுக்க நீண்டு 'க்ளிக்' என்று பூட்டிக் கொள்ளும். இரண்டு தடவை சத்தம் கேட்க வேண்டும். ஒன்றுதான் கேட்டது என்றால் இறங்கிப் பார்க்க வேண்டும். பூட்டாத கையோடு போனால், பிரேக் போடும்போது ஜீப் முன்னால் வந்து மோதும்" என்றாள்.

அடுத்தது பிரேக். மோட்டார் வீட்டுக்குப் பிரேக் போட்டால், பின்னால் இருக்கிற காருக்கு யார் போடுவது? போடாவிட்டால், இறக்கத்தில் அது வீட்டைப் பிடித்துத் தள்ளும். வீட்டின் பிரேக் காய்ந்து வலுவிழக்கும். பல மாநிலங்களில், 3,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ளதை இழுத்தால், இழுபடுவதற்கும் தனிப் பிரேக் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்காக ஜீப்பின் டிரைவர் ஆசனத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத காரில் அது காலைப் போல் பிரேக்கை மிதிக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் புத்தி பிசகுவது உண்டு. மிதிக்க வேண்டிய சமயத்தில் மிதிக்காமல் இருந்தால் ஓர் ஆபத்து. மிதித்த காலை எடுக்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. பிரேக் உராய்ந்து, சக்கரம் சூடேறி, புகைந்து, தீப்பிடித்துக் கூட விடும். முன்னால் இருப்பவருக்கோ வண்டி கொஞ்சம் மந்தமாக ஏறுகிறது என்று மட்டும் தோன்றும்!

"அதனால், நிற்கிற இடத்தில் எல்லாம் சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டு போவேன். தொட மாட்டேன். அடுப்பில் தோசைக்கல் காய்ந்ததா என்று நீ எப்படிப் பார்ப்பாய்? அப்படித்தான்" என்றாள். (தோசைக்கல் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு ஏதோ வாணலி. தமிழாக்கம் என்னுடையது.)

கார் முழுவதும் அறுத்துக் கொண்டு போனால் அதைத் தானாக நிறுத்துவதற்கும் ஒரு யுக்தி இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்று. கார் பிரிந்தால் அது இழுபட்டு, ஒரு சின்ன முளையைப் பிடுங்கும். உடனே காரின் பிரேக் விழும். இந்தக் கம்பியை மோட்டார் வீட்டின் உடம்பிலேயே கட்ட வேண்டும். சிலர் சௌகரியமாக இருக்கிறதே என்று இழுவைக் கம்பியிலேயே கட்டி விடுகிறார்களாம். இழுவைக் கம்பியே கழன்று காரோடு போய் விட்டால், அந்தக் கம்பி எதை இழுக்கும்? தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிச் சாவியையும் அதே பெட்டிக்குள் வைத்த கதைதான்.

பிறகு கியர். எல்லாக் கார்களையும் நான்கு சக்கரமும் உருள இழுத்து விட முடியாது. பல கார்களில், எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுழலும். எஞ்சின் ஓடாமல் சக்கரங்கள் மட்டும் சுழன்றால், உள்ளே எண்ணெய் இல்லாமல் உராய்ந்து தீய்ந்து போகும். அமெரிக்காவில் 2014 வரையில் வந்த ஹோண்டா ஸி.ஆர்.வி. காரை இப்படி இழுக்கலாம் என்று கம்பெனியே முறை சொல்லியிருந்தது. 2015ல் கியர் பெட்டியின் மாதிரியை மாற்றினார்கள், அதிலிருந்து கூடாது. பெயர் அதே பெயர். உருவமும் ஏறக்குறைய அதே. கார்ப் புஸ்தகத்தைப் படிக்காமல் வாங்கி இழுத்தவர் கதி என்ன? ஜீப்பில், சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் பெட்டியைத் தனியே நியூட்ரலில் போட வசதி இருக்கிறது. அதனால்தான் தேரைகளில் ஜீப்புக்கு அத்தனை கிராக்கி. ஆனால் போட மறந்தால், அதற்கும் அதே கதிதான்.

ஸ்டியரிங் பூட்டு இன்னொன்று. சாவியை ஒழுங்காக வைத்துப் பூட்டைத் திறக்காவிட்டால், வீடு திரும்பும்போது ஜீப்பின் சக்கரங்கள் திரும்பாது. தரையில் தேய்ந்தே வரும். பூட்டைத் திறந்து வைத்து, பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டாவிட்டால், சாயங்காலம் பால் வாங்கக் காரைக் கிளப்பினால் கிளம்பாது!

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: பின்னால் போகவே கூடாது. நாலடி போனாலும் ஜீப்பின் முன் சக்கரங்கள் கோணிக் கொண்டு, இழுவைக் கம்பி வளைந்து விடும். தப்பான சந்தில் நுழைந்து விட்டால், நடுத் தெருவில் காரைக் கழற்றி, வீட்டைத் தனியாகப் பின்னுக்கு நகர்த்தி, காரை மறுபடியும் கட்ட வேண்டும். அதுவும் இரண்டும் கோணலாக நின்றால் ஆணி இறுகிக் கொண்டு கழலாது. "கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் எங்களுக்குள் நடந்த மிகப் பெரிய சண்டை, ஒரு பெட்ரோல் பங்கில் நடந்தது" என்றாள் அம்மாள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர், திரும்பாமலே சிரித்தார். அன்று காலைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

* * *

இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. உருக்கு அவ்வளவு சுலபத்தில் முறிகிறதில்லை. கம்பிகளிலும் ஆணிகளிலும் எத்தனை எடை தாங்கும் என்று எழுதியிருக்கிறது. அவற்றில் எது குறைச்சலோ, அதுதான் கணக்கு. அதற்குள் இழுத்தால் பயம் இல்லை. தேய்ந்ததை மாற்ற வேண்டும். துரு ஏறியதைத் தூக்கி எறிய வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு எங்கள் ஆணி முறியவில்லை, தேயவில்லை, துருப் பிடிக்கவில்லை. புத்தம் புதிய ஆணி, சட்டைப் பையில் சௌக்கியமாக இருந்தது. முறிந்தது மனிதரின் கவனம். அதையும் முறித்தது ஒரு பிரியமான பேச்சு.

உங்களுக்குத் தெரியாததா? சமையலறையில் சாம்பாருக்கு உப்புப் போடப் போகும் சமயத்தில் வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசி விட்டு வருகிறோம். உப்புப் போட்டோமா, இல்லையா? ஒன்று, இரண்டு தடவை போடுகிறோம். அல்லது போடாமலே விடுகிறோம். சாம்பாரானால் ருசி பார்த்துக் கண்டு பிடிக்கலாம். காஸ் அடுப்பின் குழாயை மூடினோமா, குழந்தையின் மருந்தை ஒரு வேளை கொடுத்தோமா, இரண்டு வேளை கொடுத்தோமா? இவற்றை ருசி பார்த்து அறிய முடியுமா?

பெரியவர் அதற்கு வைத்திருக்கும் மருந்து மிகச் சின்னது. விமானக் கொட்டகையில் கற்றதாம். வேலை நடுவில் யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. ஏனென்றால் விட்ட இடம் எது என்பதே அப்போது மறந்து போயிருக்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "நாற்பது வருஷம் மற்றவர்களுடைய விமானத்துக்கு அப்படிச் செய்தேன். என் வீட்டுக்கு என்றதும் அலட்சியம் வந்து விட்டது" என்றார்.

அவர் கேட்காத சமயத்தில் அம்மாள் என்னிடம் வேறு ஒன்று சொன்னாள். "அவரை நம்பாமல் நான் சரிபார்ப்பதாக நினைக்காதே. நான் மறப்பதை அவர் பார்க்கிறார்; அவர் மறப்பதை நான் பார்க்கிறேன். இந்த வயதில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள். ஒருவர் பார்ப்பதை விட்டு விட்டால், அன்றோடு இந்த வீட்டை விற்று விட வேண்டியதுதான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டே சொன்னாள். காட்சி மிகவும் அழகாகத்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

* * *

அன்று இரவு பிளாக்ஸ்டாப்பில், பைன் மரக் காட்டுக்குள் வீட்டை நிறுத்தினார்கள். நல்ல குளிர். காலையில் நடந்தது இன்னும் மூன்று பேர் மனத்திலும் இருந்தது. என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிற்று. அவர்களுக்குக் கைகேயியின் கதையைச் சொன்னேன்.

"எங்கள் நாட்டில் தசரதர் என்று ஒரு ராஜா. யுத்தத்துக்குப் போனார். அவருடைய இளைய ராணி தேரில் கூட இருந்தாள். சண்டை நடக்கும்போது தேரின் கடையாணி கழன்று விழுந்து விட்டது. ராஜாவுக்குத் தெரியாது. ராணி தன் விரலையே கடையாணியாகக் கொடுத்துச் சக்கரம் கழலாமல் காப்பாற்றினாள். ராஜா ஜயித்து விட்டுப் பார்த்தார். உருகிப் போய் விட்டார். 'இரண்டு வரம் கேள், தருகிறேன்' என்றார்" என்று சொன்னேன்.

பெரியவர் எழுந்து நின்று, மனைவிக்கு முன்னால் தலை வணங்கினார். "மகாராணி! இரண்டு வரம் கேள்" என்றார்.

அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "முதல் வரம்: காரைக் கட்டும்போது யார் பேசினாலும், நான் பேசினாலும், பதில் சொல்லக் கூடாது. இரண்டாவது வரம்: சொல்லி விட்டீர்களானால், முதலிலிருந்து கட்ட வேண்டும்" என்றாள்.

"தந்தேன்" என்றார் பெரியவர்.

அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, "அது சரி, உங்கள் ராணி என்ன வரம் கேட்டாள்?" என்று விசாரித்தாள்.

என்ன செய்வது? உண்மையைச் சொன்னேன். ஒன்று தன் பிள்ளைக்கு ராஜ்யம். மற்றொன்று மூத்தாள் பிள்ளைக்குப் பதினான்கு வருஷம் வனவாசம்.

அம்மாள் வெளியே இருட்டில் நின்ற பைன் மரங்களைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "வனவாசம் ஒரு தண்டனையா? நாங்கள் இன்னும் பதினான்கு வருஷம் கிடைக்குமா என்றல்லவா பார்த்துக் கொண்டிருக்கிறோம்!" என்றாள்.

மறுநாள் காலையில் அவர்கள் வடக்கே கிளம்பினார்கள். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பெரியவர் குனிந்து தேரையைக் கட்டிக் கொண்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், போய் வருகிறேன் என்று விடை பெற வேண்டும் என்று நாக்குத் துடித்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கத்துக் கடையாணிகளையும் மாட்டி, அம்மாள் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துத் தலையை அசைத்த பிறகுதான், கிட்டே போய்க் கையைப் பிடித்துக் கொண்டேன்.

பத்திரிகைக்காரி ஒருத்தி கால் மணி நேரம் வாயை மூடிக் கொண்டு நின்றாள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அது நடந்தது.